வாரிசுகளும் கடனாளிகளும்

2017 டிசம்பர் 4-ம் தேதி சசி கபூர் இறந்தார். அன்றிரவுச் செய்தியில் பி.பி.சி. தொலைக்காட்சி அவருக்கு அஞ்சலி செலுத்தியது. அதில் காட்டிய படத்துண்டுகளில் ஒன்றில் இருந்தவர் அமிதாப் பச்சன். இன்னொன்றில் இருந்தவர் இறந்தவரின் அண்ணன் மகன் ரிஷி கபூர். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இறந்தவரின் மைத்துனி ஃபெலிசிட்டி கெண்டல் 1970களில் அதே பி.பி.சி.யின் 'தி குட் லைஃப்' தொடர் வழியாக பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானவர்.

வெள்ளைக்காரனுக்கு இந்திய முகங்கள் எல்லாம் ஒன்றுதான் என்று நம்மவர்கள் கொதித்தார்கள். கொதிக்க நமக்கு என்ன அருகதை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர்கள் படத்தை மாற்றிப் போட்டார்கள். நாம் படத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, கீழே எழுதியதில் ஆளையே மாற்றிவிட்டோம். 'புகழ்பெற்ற கபூர் வம்சத்தின் வாரிசு' என்று தொடங்கி, அப்பா இன்னார், அண்ணன்மார் இன்னார், அண்ணன் பிள்ளைகள் இன்னார், பேத்திகள் இன்னார் என்று ஒரு குலமுறை கிளத்து படலம். அது முடிந்ததும் 'கன்னக்குழிச் சிரிப்பு' என்று ஒரு வரி. கட்டுரை முடிந்துபோயிற்று. 2024 டிசம்பரில் ராஜ் கபூர் நூற்றாண்டு வந்தபோது இந்தப் படலம் மறுபடியும் வாசிக்கப்பட்டது. குடும்பம் முழுவதும் பிரதம மந்திரியைச் சந்தித்த போட்டோவும் அதோடு வந்தது.

ஜனரஞ்சகப் பத்திரிகைகள் இப்படிச் செய்வதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர்கள் பிழைப்பு அது. நம்மைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர் இறந்த மாதம் நான் ஒரு நண்பரிடம், அவர் ஆசிரியராக இருக்கும் இதழுக்கு சசி கபூரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருவதாகச் சொன்னேன். நல்ல ரசனையுள்ளவர். ரித்விக் கட்டக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். அவர் சொன்னார்: "ஒரு நாளைக்கு அஞ்சு ஷிப்ட் நடிச்ச ஆளைப் பத்தி நம்ம பத்திரிகையில எழுத என்ன இருக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். அவருடைய பத்திரிகையில் அல்ல.

*

வம்சம் என்ற சொல்லில் இருந்தே ஆரம்பிக்கலாம். 1951-ல் வெளிவந்த 'ஆவாரா'வை நம்மில் பலர் பார்த்திருப்போம், பாட்டுக்காகவாவது. அந்தப் படத்தின் வாதம் என்ன? நல்ல குடும்பத்தில் பிறந்தவன் நல்லவன் ஆவான், திருடனுக்குப் பிறந்தவன் திருடன்தான் ஆவான் என்று நம்புகிற ஒரு நீதிபதி. அந்த நம்பிக்கையால் அவர் ஒருவனுக்குத் தண்டனை கொடுக்கிறார். அதன் விளைவாக அவருடைய சொந்தப் பிள்ளையே தெருவில் திருடனாக வளர்கிறான். பிறப்பு எதையும் தீர்மானிப்பதில்லை என்பதே க்வாஜா அகமது அப்பாஸ் எழுதிய அந்தக் கதையின் சாரம். நீதிபதியாக நடித்தவர் பிருத்விராஜ் கபூர். வளர்ந்த பிள்ளையாக ராஜ் கபூர். சிறு வயதுப் பிள்ளையாக சசி கபூர். இன்னொரு நீதிபதியாகச் சற்று நேரம் தலை காட்டுபவர் பிருத்விராஜின் தகப்பனார், பெஷாவரில் போலீஸ் அதிகாரியாக இருந்த பஷேஷ்வர்நாத் கபூர். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை கூடி நின்று, குடும்பப் பிறப்பு என்பது பம்மாத்து என்று வாதாடிய படம் அது. அந்தக் குடும்பத்தைத்தான் நாம் வம்சம் வம்சம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். படம் பார்ப்பதில் நமக்குள்ள கூர்மை இவ்வளவுதான்.

சரி, வாரிசு என்றே வைத்துக்கொள்வோம். எதற்கு வாரிசு? தகப்பனிடமிருந்து சசி கபூருக்கு வந்தது என்ன? அண்ணன் ராஜ் கபூர் 1948-ல் தன் சொந்த ஸ்டூடியோவையும் கம்பெனியையும் தொடங்கிவிட்டார். அது அவர் சம்பாதித்தது. தகப்பனாரிடம் இருந்தது ஒரு நாடகக் கம்பெனி. 1944-ல் பம்பாயில் தொடங்கிய பிருத்வி தியேட்டர்ஸ். 'சகுந்தலா', 'தீவார்', 'பட்டான்', 'கத்தார்', 'ஆஹூதி' என்று நாடகங்கள். நாடு பிளவுபடப் போகிற காலத்திலும் பிளந்த பிறகும், இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து வாழ்வதைப் பற்றிய நாடகங்களோடு ஊர் ஊராகப் போன கம்பெனி. ஷங்கர் – ஜெய்கிஷன் அங்கிருந்து வந்தவர்கள்தாம். 16 வருஷங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தடவை மேடையேறினார்கள். கம்பெனி ஒருநாளும் தன் காலில் நின்றதில்லை. பிருத்விராஜ் சினிமாவில் நடித்துச் சம்பாதித்து அதில் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு நாள் நாடகம் முடிந்ததும் வாசலில் வந்து நின்று, தலையைக் குனிந்தபடி, துணியை ஏந்துவார். சிரமப்படுகிறவர்களின் நிவாரணத்துக்காக. வெளியே போகிற ஜனங்கள் அதில் காசு போட்டுவிட்டுப் போவார்கள். மேடையில் ராஜாவாக நின்ற ஆள், 1952-லிருந்து ராஜ்ய சபை உறுப்பினர், வாசலில் ஏந்திய துணியோடு.

1960-ல் கம்பெனியை மூடிவிட்டார். அதே 1960-ல்தான் 'முகலே ஆஸம்' வந்தது. அக்பராக அவரை இன்றைக்கும் தேசம் கொண்டாடுகிறது. அக்பரின் சம்பளம் எங்கே போயிற்று என்று தேசம் கேட்கவில்லை.

ஆக, இளைய பிள்ளைக்கு வந்தது மூடிய கம்பெனி ஒன்றும், சினிமாவில் சம்பாதித்து மேடையில் தொலைப்பது என்கிற ஒரு குடும்ப வழக்கமும், வாசலில் ஏந்திய அந்தத் துணியும்தான். இதைச் சொத்து என்று எந்தப் பத்திர எழுத்தரும் எழுதமாட்டார். இது கடன். தகப்பன் பட்ட கடனைப் பிள்ளை தீர்ப்பது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் புரிகிற விஷயம். சசி கபூரின் வாழ்க்கையை அந்தக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

*

கடன் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. 1956-ல் கல்கத்தாவில் அவர் ஜெனிஃபர் கெண்டலைச் சந்தித்தார். இரண்டு வருஷத்தில் கல்யாணம். அப்போது சசி கபூருக்கு வயது 20. ஜெனிஃபரின் தகப்பனார் ஜெஃப்ரி கெண்டல் 'ஷேக்ஸ்பியரானா' என்ற கம்பெனியை வைத்துக்கொண்டு, இந்தியாவின் பள்ளிக்கூடங்களிலும் சமஸ்தான அரண்மனைகளிலும் ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டுக்கொண்டு அலைந்தவர். கெண்டல் என்பதும் பிறவிப் பெயர் அல்ல. ஜெஃப்ரி பிராக் என்று பிறந்தவர், பிறந்த ஊரின் பெயரை மேடைக்காகச் சூட்டிக்கொண்டார். தன் பிரதான நடிகையை ஒரு பஞ்சாபிப் பையன் கொண்டுபோகிறான் என்று அவருக்கு மாப்பிள்ளை மேல் கோபம் இருந்தது. அந்தப் பையனும் அந்தக் கம்பெனியில் சேர்ந்து ஷேக்ஸ்பியர் நடித்தவன்தான்.

இந்தக் குடும்பத்தின் கதையிலிருந்துதான் 1965-ல் ஜேம்ஸ் ஐவரி 'ஷேக்ஸ்பியர் வாலா' எடுத்தார். சத்யஜித் ராய் இசை. பணமில்லாத காரணத்தால் கறுப்பு வெள்ளை. கெண்டல் தம்பதியும் ஃபெலிசிட்டியும் ஏறக்குறையத் தங்களையே நடித்தார்கள். நாடகக் கம்பெனி நலிந்துகொண்டிருக்கிறது. சினிமா வளர்கிறது. 'ஒதெல்லோ' நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சினிமா நடிகை அரங்கத்துக்குள் நுழைகிறாள். மேடையில் கொலை நடக்கிறது, ஜனங்கள் நடிகையைப் பார்க்கிறார்கள். நாடகக்காரியான பெண்ணுக்கும் சினிமா நடிகைக்கும் நடுவே ஊசலாடுகிற பணக்கார வாலிபன் வேஷம் சசி கபூருக்கு. அவன் கடைசியில் எதற்கும் உதவாதவனாகப் போய்விடுகிறான்.

அந்த வேஷத்தை நடித்த அதே 1965-ல்தான் 'ஜப் ஜப் ஃபூல் கிலே' வெளியாகி அவரைப் பெரிய சினிமா நட்சத்திரமாக ஆக்கியது. தன் மாமனார் வீட்டை எந்த சினிமா விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று ஒரு படத்தில் நடித்துக் காட்டிவிட்டு, அந்த சினிமாவுக்குள் நேராக நடந்து போன மனிதர். இதை முரண்பாடு என்று சொல்லி நண்பர் எளிதில் முடித்துவிடுவார். எனக்கு அது அத்தனை எளிதாகப் படவில்லை. நாடகக் கம்பெனி எப்படிச் சாகிறது என்பதை இரண்டு வீட்டிலும் கிட்டத்திலிருந்து பார்த்தவர் அவர். நல்ல எண்ணத்தால் கம்பெனி பிழைக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

*

அதற்குப் பிறகு அவர் நடித்த படங்களை நான் காப்பாற்றப் போவதில்லை. பெரும்பாலானவை குப்பை. காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம், ராத்திரி ஒரு படம். அண்ணன் ராஜ் கபூரே அவரை 'டாக்ஸி' என்று கேலி செய்தார். யார் கை காட்டினாலும் நிற்கும், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அர்த்தம். 1975-ல் 'தீவார்' படத்தில் அமிதாப் பச்சனுக்குத் தம்பி. உண்மையில் சசி கபூர் நான்கு வயது மூத்தவர். அம்மா யார் பக்கம் இருக்கிறாள் என்று சொல்லும் அந்த ஒரு வசனம் இந்தி பேசுகிற ஜனங்கள் வாயில் இன்றும் இருக்கிறது. நம் ஊரில் அந்தப் படம் 1981-ல் 'தீ' என்று வந்தது. ரஜினிகாந்தை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தம்பியாக நடித்த சுமனை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அந்த வேஷத்தின் அளவு அவ்வளவுதான். அடுத்தவன் ஜொலிக்க இவன் நியாயம் பேசவேண்டும். அந்த மாதிரி வேஷங்களை வருஷம் முழுவதும் செய்தார்.

மீட்டரில் ஓடிய பணம் எங்கே போயிற்று என்பதைப் பார்க்கவேண்டும். பிருத்விராஜ் 1972-ல் இறந்தார். ஜுஹுவில் நாடகத்துக்கென்று அவர் குத்தகைக்கு வைத்திருந்த மனை இருந்தது. அதை சசியும் ஜெனிஃபரும் வாங்கி, 1975-ல் ஒரு அறக்கட்டளை அமைத்து, அங்கே ஒரு அரங்கம் கட்டினார்கள். 1978 நவம்பரில் திறந்தார்கள். சுமார் 200 இருக்கை. மேடையின் மூன்று பக்கமும் ஜனங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் நடிகனின் முகத்தில் வியர்வை தெரியும். இந்தி, மராத்தி, குஜராத்தி, ஆங்கிலம் என்று பம்பாயின் தீவிர நாடகங்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. முதல் நாடகம் கோ. பு. தேஷ்பாண்டேயின் 'உத்வஸ்த தர்மசாலா'. ஒரு பேராசிரியரின் அரசியல் மனசாட்சியை விசாரணைக் கமிட்டி முன் நிறுத்துகிற நாடகம். ஒரு சினிமா நட்சத்திரம் கட்டிய அரங்கத்தின் திறப்பு விழா நாடகம் இது என்பதை நண்பர் கவனிக்கவேண்டும்.

அத்தோடு நிற்கவில்லை. 'பிலிம் வாலாஸ்' என்ற பெயரில் படம் எடுத்தார். ஷியாம் பெனகலின் 'ஜுனூன்', 1981-ல் அவருடைய 'கல்யுக்', அதே ஆண்டு அபர்ணா சென்னின் '36 சௌரங்கி லேன்', 1982-ல் கோவிந்த் நிஹலானியின் 'விஜேதா', 1984-ல் கிரீஷ் கர்நாடின் 'உத்ஸவ்'. நம் பிலிம் சொசைட்டிகளில் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, வெளியே வந்து டீக்கடையில் நின்று நாம் விடிய விடியப் பேசிய படங்கள் இவை. '36 சௌரங்கி லேன்' அபர்ணா சென்னுக்கு முதல் படம். ஆங்கிலத்தில், கல்கத்தாவில் தனியாக வாழும் வயதான ஆங்கிலோ இந்திய ஆசிரியை ஒருத்தியைப் பற்றி. பாட்டு, சண்டை என்று விநியோகஸ்தரிடம் காட்ட ஒன்றும் இல்லை. எந்த வியாபாரி இதற்குப் பணம் போடுவான்? பெனகலையும் அபர்ணா சென்னையும் நாம் புகழ்ந்தோம். சரிதான். ஆனால் திரையில் முதலில் ஓடிய தயாரிப்பாளர் பெயரை நாம் படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. டாக்ஸியின் பெயர் அது.

'உத்ஸவ்' பெரிய நஷ்டம். ஒரு படத்தில் போனது அடுத்த படத்தில் வராது என்று தெரிந்தும் ஐந்து படம் எடுத்தார்.

*

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இது இல்லாமல் நான் எழுதுவது வெறும் உபதேசம் ஆகிவிடும்.

1982 வாக்கில் நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினேன். 300 பிரதி. அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி எப்போதும் தலைக்கு மேல் இருக்கும். அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு பெண் பெயரில் தொடர்கதை எழுதினேன். அசட்டுக் கதைதான். அதில் வந்த பணத்தில் மூன்று இதழ் அச்சாயிற்று. நண்பர்களுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு சாயங்காலம் என் வீட்டு மாடியில் ஒரு விசாரணை நடந்தது. மலினமான எழுத்தால் வந்த பணம் தீவிரமான எழுத்தைத் தீண்டக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. நானும் தலையாட்டினேன். எனக்கே அது சரி என்றுதான் பட்டது. தொடர்கதையை நாலு வரியில் கல்யாணம் பண்ணி முடித்தேன்.

அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்கப் பணமில்லை. என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அவளுடைய இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. இதழ் வந்தது. அந்த வளையல் எந்தப் பணத்தில் வந்தது, அதற்கு என்ன தூய்மை, எந்த மதிப்பீட்டின் அடிப்படையில் அது எங்கள் பத்திரிகையைத் தீண்டலாம் என்று எந்த நண்பரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள்தான் ஒரு தடவை கேட்டாள்: "கதை எழுதி வந்த காசு ஆகாது, வளையலை வெச்சு வந்த காசு மட்டும் ஆகுமா உங்களுக்கு?"

பதில் சொன்னேன். கலைஞனின் தார்மீகம் பற்றி என்னவோ சொன்னேன். ஒன்பதாம் இதழோடு பத்திரிகை நின்றது. வளையல் ஏலத்தில் போயிற்று. என் கை சுத்தமாக இருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பத்திரிகைகளின் தூய்மைக்கு எப்போதும் யாரோ ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் அவர் பெயர் முகப்பில் இருப்பதில்லை. சசி கபூர் தன் தூய்மையை விற்றுத் தானே பணம் கட்டினார். நாம் தூய்மையை வைத்துக்கொண்டு அடுத்தவர் கையிலிருந்து கட்டினோம். இவற்றில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் எனக்கு இல்லை. ஆனால் இரண்டாவது காரியத்தைச் செய்தவர்கள் முதலாவதைச் செய்தவனை ஏளனம் பண்ணக்கூடாது.

*

நண்பர் இதற்குச் சொல்லக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். சாராயக் கடைக்காரன் கட்டிய சத்திரத்தில் தங்கலாம், அதற்காகச் சாராயத்தைப் புகழலாமா என்பார். புகழ முடியாது. இன்னும் ஒரு படி மேலே போய் நானே சொல்கிறேன். அந்த ஐந்து ஷிப்ட் வாழ்க்கையில் போனது காலம் மட்டுமல்ல, ஒரு நடிகனும் போனான். 1986-ல் வந்த 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்தில் அவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். ஊழலை அம்பலப்படுத்துவதாக நம்பி எழுதிக்கொண்டே போய், கடைசியில் தான் அரசியல்வாதிகளின் கையில் கருவியாக இருந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறவர். அந்தத் தெரிதலை அவர் கத்திக் காட்டவில்லை. முகத்தில் ஏதோ ஒன்று அணைகிறது, அவ்வளவுதான். சிறந்த நடிகருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பார்த்துவிட்டு எனக்குச் சந்தோஷத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். இந்த நடிகன் இத்தனை வருஷம் எங்கே இருந்தான்? எந்தச் செட்டில், எந்த மரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்?

இந்த நஷ்டத்தைப் பிருத்வி அரங்கம் ஈடு செய்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒருவனுடைய கலையை அடமானம் வைத்து இன்னும் பல பேருடைய கலைக்கு இடம் பண்ணிக் கொடுத்ததை வரவு செலவில் நேர் பண்ண முடியாது. அவர் கணக்குப் பார்க்காமல் கொடுத்தார் என்பதுதான் விஷயம்.

1993-ல் இஸ்மாயில் மெர்ச்சண்ட் எடுத்த 'முஹாஃபிஸ்' படத்தைப் பார்க்காதவர்கள் எப்பாடு பட்டாவது பார்க்கவேண்டும். அனிதா தேசாயின் நாவல். நூர் என்ற உருதுக் கவிஞன். வயதாகி, உடல் பெருத்து, பிரியாணிக்கும் சாராயத்துக்கும் வந்து சேர்ந்த கூட்டத்தின் நடுவே கிடக்கிறான். ஒரு கல்லூரி ஆசிரியன், வயிற்றுக்காக இந்தி போதித்துக்கொண்டு உருதுவை நேசிக்கிறவன், ஒரு இலக்கியப் பத்திரிகைக்காக அவனைப் பேட்டி எடுக்க வருகிறான். டேப் ரிக்கார்டர் சரியாக வேலை செய்யமாட்டேன் என்கிறது. நம்முடைய கதையை நம்மைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு யாரோ எடுத்த மாதிரி இருக்கும். நூராக சசி கபூர். கன்னக்குழியும் இல்லை, இடுப்பும் இல்லை. வீணாய்ப்போன ஒரு உடம்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து காமிரா முன்னால் போட்டுவிட்டார். அந்த உடம்புக்குள்ளிருந்து கவிதை வரும்போது நமக்கு நம்பிக்கை வருகிறது. சிறந்த கலைஞர்களும் குப்பையோடு புழங்குகிறவர்கள்தாம், கவிதை அங்கிருந்துதான் எழுந்து வரவேண்டியிருக்கிறது என்பதை விளக்க எனக்கு இந்தப் படத்தைவிட நல்ல உதாரணம் தெரியாது.

*

வம்சப் படலம் எழுதுகிறவர்கள் ஒருத்தியை விட்டுவிடுகிறார்கள். ஜெனிஃபர் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். பபிதாவும் நீத்து சிங்கும் அந்த வீட்டில் மணமானதும் நடிப்பை விட்டு விலகினார்கள். ஜெனிஃபர் 'ஜுனூனி'ல் நடித்தார், '36 சௌரங்கி லேனி'ல் அந்தக் கிழ ஆசிரியையாக நடித்தார். அதே படத்தில் அவருடைய தகப்பனார் ஜெஃப்ரி கெண்டல் அண்ணனாக நடித்தார். பிருத்வி அரங்கத்தின் அன்றாட வேலையை நடத்தியவரும் ஜெனிஃபர்தான். ஊர் ஊராகப் பெட்டி தூக்கிக்கொண்டு அலைந்த கம்பெனியில் வளர்ந்தவருக்கு, ஒரு இடத்தில் நிலைத்து நிற்கும் மேடையின் அருமை தெரிந்திருக்கும். 1984 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார். அதற்குப் பிறகு சசி கபூர் மெல்ல மெல்லத் தளர்ந்துபோனார். அரங்கத்தைப் பிள்ளை குணாலும் பின்னால் மகள் சஞ்சனாவும் பார்த்துக்கொண்டார்கள். சஞ்சனாவை வாரிசு நட்சத்திரம் என்று யாரும் எழுதவில்லை. டிக்கெட் கிழித்து, நாடகக் கோஷ்டிகளுக்குத் தேதி ஒதுக்கி, குழந்தைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துகிறவர் நட்சத்திரம் இல்லையே.

செம்பூரில் இருந்த ஆர்.கே. ஸ்டூடியோ 2017-ல் தீப்பிடித்தது. 2019-ல் அதை ஒரு கட்டுமானக் கம்பெனி வாங்கிக்கொண்டது, வீடு கட்ட. குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. சொத்து என்று ஒன்று இருந்தால் ஒருநாள் பங்கு பிரியும், விற்கும், அது அதன் சுபாவம். ஜுஹுவில் 200 இருக்கை போட்ட அந்த அரங்கத்தில் நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. 2015 மே மாதம் சசி கபூருக்கு தாதாசாகேப் பால்கே விருதைக் கொடுக்க மத்திய மந்திரி அந்த அரங்கத்துக்கே வந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவர், தன் தகப்பனின் பெயர் வைத்த மேடையில் அதை வாங்கிக்கொண்டார்.

*

கடைசியாக நம் விஷயம்.

நம்மிடமும் வம்சங்கள் உண்டு. புதுமைப்பித்தன் வழி வந்தவன் என்கிறான் ஒருத்தன். மௌனியின் வாரிசு என்று ஒருத்தனை இன்னொருத்தன் நியமிக்கிறான். 'எழுத்து' பரம்பரை என்பது நம் வட்டாரத்தில் ஒரு கோத்திரம் மாதிரியே ஆகிவிட்டது. யார் யாருடைய சிஷ்யன், யார் யாரிடமிருந்து விலக்கப்பட்டவன் என்கிற குலமுறை கிளத்து படலத்தை நாம் எழுதாத முன்னுரை இல்லை. சினிமாக்காரன் வீட்டு வம்சாவளியைப் பார்த்து எதற்காக முகம் சுளிக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

1959-லிருந்து 1970 வரை 'எழுத்து' வந்தது. செல்லப்பா புத்தக மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது என்ன? அவருடைய அபிப்பிராயங்களை எடுத்துக்கொண்டோம், சண்டைகளை எடுத்துக்கொண்டோம், யாரைச் சேர்க்கக்கூடாது என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு அதை இன்னும் நீளமாக்கினோம். மூட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பிருத்விராஜ் ஏந்திய துணியை அவருடைய கடைசிப் பிள்ளை எடுத்துக்கொண்டான். அதை நிரப்புவதற்காக அவன் போகாத இடங்களுக்கெல்லாம் போனான், தன் தொழிலையே அதில் சீரழித்துக்கொண்டான். அவனைப் பற்றி எழுத நம் பத்திரிகையில் இடமில்லை.

சசி கபூர் பெரிய கலைஞர் என்று நான் இங்கே சொல்லவில்லை. மூன்று நான்கு படங்களில் அப்படி இருந்தார். மற்ற நேரங்களில் அவர் ஒரு கடனாளி. கடனைத் தீர்த்துக்கொண்டிருந்த கடனாளி. அந்த ஜாதியைச் சேர்ந்தவர்கள் இல்லாமல் எந்த மொழியிலும் நாடகம் நடக்காது, நல்ல படம் வராது, சிறுபத்திரிகையும் வராது.

என்னை மறுக்க விரும்புகிறவர்கள் மறுத்து எழுதலாம். எழுதுவதற்கு முன்னால், உங்கள் இதழின் அச்சுக்கூலியைப் போன தடவை யார் கொடுத்தார்கள் என்று வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு எழுதுங்கள்.